ஆயிரம் பவுண்டு, ஒரு பெனால்டி: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஆல்ஃப் காமனைப் பற்றி நாலே வரி எழுதியிருந்தேன். 1905 பிப்ரவரியில் மிடில்ஸ்பரோ என்ற ஆங்கிலேயக் கால்பந்து கிளப், லீக்கின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனிலிருந்து கீழே இறங்கிவிடுவோமோ என்ற பயத்தில், பக்கத்து ஊர் சண்டர்லேண்டிடமிருந்து அவரை ஆயிரம் பவுண்டு கொடுத்து வாங்கியது. ஒரு வீரருக்காக அவ்வளவு தொகை கைமாறியது அதுதான் முதல் தடவை. அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்ததும் இந்த முறை பக்கம் முழுவதையும் மிடில்ஸ்பரோவுக்கே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

கேள்வி: ஆயிரம் பவுண்டு என்கிறீர்கள். அன்றைக்கு அது உண்மையிலேயே பெரிய தொகையா? இன்றைய மதிப்பில் சொல்ல முடியுமா?

இன்றைய மதிப்புக்கு மாற்றிச் சொல்வதில் எனக்கு இஷ்டமில்லை, ஏனென்றால் அந்தக் கணக்கு அன்றைய நிலைமையைக் காட்டாது. அந்தக் கால வீரரின் சம்பளத்தை வைத்துப் பாருங்கள், உடனே புரியும். 1901-லிருந்து இங்கிலாந்தில் ஒரு கால்பந்து வீரருக்கு வாரத்துக்கு நாலு பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதி இருந்தது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் நாலுதான். வருடம் முழுக்க வாங்கினாலும் 208 பவுண்டு. அப்படியானால் ஆயிரம் பவுண்டு என்பது உச்ச சம்பளம் வாங்கும் ஒருவர் 250 வாரம், அதாவது கிட்டத்தட்ட ஐந்து வருடம் ஆடிச் சம்பாதிக்கும் தொகை.

அந்த ஆயிரத்தில் காமனுக்கு எவ்வளவு கிடைத்திருக்கும்? புது கிளப்பில் கையெழுத்துப் போடும் வீரருக்குப் பத்து பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பதும் விதிதான். மீதி எல்லாம் விற்ற கிளப்புக்கு. ஓடுகிறவர், அடி வாங்குகிறவர், கோல் போடுகிறவர் அவர். காசு வேறு ஒருவர் பெட்டிக்குப் போகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

கேள்வி: கீழ் டிவிஷனுக்குப் போனால் என்ன, அடுத்த வருடம் ஏறி வந்துவிடலாமே? அதற்கு ஏன் இவ்வளவு பயம்?

ஏறி வருவது அவ்வளவு சுலபமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வருடங்களில் இந்த ஏற்ற இறக்கம் வேறு மாதிரி நடந்தது. சீசன் முடிந்ததும் முதல் டிவிஷனில் கடைசியாக நின்ற அணிகளும் இரண்டாம் டிவிஷனில் முன்னால் நின்ற அணிகளும் தங்களுக்குள் 'டெஸ்ட் மேட்ச்' ஆடும். யார் மேலே, யார் கீழே என்பதை அது தீர்மானிக்கும். 1898-இல் அதற்கு ஒரு முடிவு வந்தது. கடைசி டெஸ்ட் மேட்சில் ஸ்டோக் அணியும் பர்ன்லி அணியும் மோதின. டிரா ஆனால் இரண்டு பேரும் முதல் டிவிஷனில் இடம் பிடித்துவிடலாம் என்ற நிலை. பிறகு ஏன் யாராவது கோல் போடப் போகிறார்கள்? பந்து கோல் பக்கமே போகவில்லை. வெறுத்துப்போன ரசிகர்கள், வெளியே வந்த பந்தைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டார்கள், ஆட்டத்தை முடிக்க வேறு வேறு பந்துகளைக் கொண்டுவர வேண்டியிருந்தது. 0-0. அந்த அவமானத்தோடு டெஸ்ட் மேட்ச் முறையே ஒழிந்தது. அப்புறம் வந்ததுதான் நேரடிக் கணக்கு: கடைசி இரண்டு அணி கீழே, கீழிருந்து இரண்டு அணி மேலே, பேச்சே கிடையாது.

மிடில்ஸ்பரோவுக்கு இதில் கூடுதலாக ஒரு வலி உண்டு. இரும்பு ஆலைகளை நம்பி எழுந்த ஊர் அது. 1899-இல்தான் லீக்கில் சேர்ந்தார்கள், 1902-இல் முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள், 1903-இல் ஏர்சம் பார்க் என்ற புது மைதானத்தைத் திறந்தார்கள். ஆர்ச்சிபால்ட் லீச் வடிவமைத்த மைதானம் அது. அன்றைக்கு பிரிட்டனில் கால்பந்து மைதானம் கட்டுவதில் அவருக்கு இணையான பெயர் கிடையாது. இத்தனையும் செய்துவிட்டு இரண்டாம் டிவிஷன் ஆட்டத்துக்கா கூட்டம் சேர்ப்பது? பக்கத்தில் இருந்த போட்டியாளர்களையும் பாருங்கள். சண்டர்லேண்ட் 1902-இல் லீக் சாம்பியன். நியூகாசில் சாம்பியன் ஆனது எந்த சீசனில் தெரியுமா? இதே 1904-05. வடகிழக்கு மூலையில் மூன்று ஊர்கள். அதில் இரண்டு ஊர் கோப்பையோடு நிற்க, மூன்றாவது ஊர் கடைசி வரிசையில் நின்றால் இரும்பு ஆலைக்குள் நுழையும் தொழிலாளி தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? எனக்கு அந்தப் பயம் நன்றாகவே புரிகிறது.

கேள்வி: காமன் அந்தப் பணத்துக்குத் தகுந்தவர்தானா?

வந்த கையோடு பதில் சொன்னார். ஆள் உயரம் குறைவு, உடம்பு கனம், தோளால் இடித்துக்கொண்டு முன்னேறும் முன்வரிசை வீரர். சண்டர்லேண்டில் பிறந்தவர், இங்கிலாந்து அணிக்கும் ஆடியவர். 1902-இல் ஷெஃபீல்ட் யுனைடெட் அணிக்காக எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் கோல் போட்டு, மறு ஆட்டத்தில் கோப்பையும் வென்றவர். 1904 கோடையில்தான் சண்டர்லேண்டுக்குத் திரும்பியிருந்தார். ஒரு சீசன் கூட முழுதாக முடியவில்லை, அதற்குள் மறுபடி பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்கள்.

மிடில்ஸ்பரோவின் உண்மையான வியாதி சொந்த மைதானத்தில் இல்லை, வெளியூரில் இருந்தது. ரயில் ஏறிப் போய் ஆடிய ஆட்டங்களில் ஏறத்தாழ இரண்டு வருடமாக லீக்கில் ஒரு வெற்றி கூட இல்லை. ஒரு அணி இரண்டு வருடம் வெளியூரில் ஜெயிக்காமல் இருந்தால் ஆடுகிறவர்கள் மனதில் என்ன ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போதே பாதி தோல்வி.

1905 பிப்ரவரி 25. ஷெஃபீல்டில் பிரமால் லேன் மைதானம். எதிரணி காமனின் பழைய கிளப்பான ஷெஃபீல்ட் யுனைடெட். மிடில்ஸ்பரோவுக்கு ஒரு பெனால்டி கிடைக்கிறது, அடிக்க வருபவர் காமன். இங்கே ஒரு விவரத்தைக் கவனியுங்கள், இது எனக்கு ரொம்பப் பிடித்த விவரம்: அப்போதைய விதிப்படி பெனால்டியின்போது கோல்கீப்பர் கோட்டிலேயே நிற்க வேண்டியதில்லை, ஆறு கஜம் வரை முன்னால் ஓடி வரலாம். அதே வருடம் கோடையில்தான் கோட்டை விட்டு நகரக் கூடாது என்று விதியை மாற்றினார்கள். அதாவது பந்து இருப்பது பன்னிரண்டு கஜத்தில், கோல்கீப்பருக்கு அதில் பாதி தூரம் வரை வந்து வலையை மறைக்க உரிமை உண்டு. அடிக்கிறவர் கண்ணுக்கு கோல் எவ்வளவு சின்னதாகத் தெரிந்திருக்கும்! காமன் அடித்தார், உள்ளே போனது. 1-0. இரண்டு வருடத்துக்குப் பிறகு வெளியூரில் ஒரு வெற்றி.

சீசன் முடிவில் மிடில்ஸ்பரோ 34 ஆட்டங்களில் 26 புள்ளிகளோடு 15-ஆவது இடம். மொத்தம் 18 அணி. கீழே நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 25, பரி 24, கடைசியில் நாட்ஸ் கவுன்டி 18. வெற்றிக்கு இரண்டு புள்ளி, டிராவுக்கு ஒரு புள்ளி என்ற அந்தக் காலக் கணக்கில், பிரமால் லேனில் அந்த ஒரு பெனால்டி வெளியே போயிருந்தால் ஆட்டம் டிரா, ஒரு புள்ளி குறைந்து 25. ஃபாரஸ்டுக்குச் சமமாகி, பரிக்கு ஒரு புள்ளி மேலே தொங்கிக்கொண்டிருந்திருப்பார்கள். ஆயிரம் பவுண்டு வீண் என்று சொல்கிறவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டும்.

கேள்வி: 1905-இல் எந்த அணியும் கீழே இறங்கவில்லை என்று படித்தேன். அப்படியென்றால் செலவழித்தது தேவையே இல்லையே?

நீங்கள் படித்தது சரி. அந்த வருடம் முதல் டிவிஷனை 18 அணியிலிருந்து 20 அணியாகப் பெரிதாக்கினார்கள். அதனால் கடைசி இரண்டு இடத்தில் நின்ற பரியும் நாட்ஸ் கவுன்டியும் தப்பித்துவிட்டன. கீழிருந்து லிவர்பூலும் போல்டனும் ஏறி வந்தன. ஆனால் பிப்ரவரியில் கையெழுத்துப் போட்டபோது, கோடையில் இடம் கூடும் என்பதை நம்பி ஒரு கிளப் சும்மா இருந்துவிட முடியுமா? அப்படியே கூடினாலும், கடைசி இரண்டில் நிற்பவர்களுக்கு லீக் கூட்டத்தில் ஓட்டு விழுமா, விழாதா என்பது அடுத்தவர் கையில். ஆற்றில் இறங்கியவன் தண்ணீர் வற்றும் என்று காத்திருக்க மாட்டான், நீந்தத்தான் செய்வான்.

கேள்வி: அடுத்த சீசனிலும் மிடில்ஸ்பரோ திண்டாடியது என்று எழுதியிருந்தீர்கள். காமன் இருந்துமா?

காமன் இருந்தும்தான். என்னைக் கேட்டால் 1905-06 சீசனில் தப்பித்ததுதான் பெரிய கதை. ஆயிரம் பவுண்டு பேச்சில் அது மறைந்துபோய்விட்டது.

இருபது அணி, 38 ஆட்டம். மறுபடியும் கடைசி வரிசை. மார்ச் மாதம் கிளப் மறுபடி பெட்டியைத் திறந்தது, இந்த முறை டெர்பி கவுன்டியிலிருந்து ஸ்டீவ் புளூமர். இந்தப் பெயரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இங்கிலாந்துக்கு 23 ஆட்டத்தில் 28 கோல் போட்டவர், அன்றைய கால்பந்தில் அவரைவிடப் பெரிய கோல்காரர் கிடையாது. விலை 750 பவுண்டு. அப்போது அவருக்கு 32 வயது, டெர்பி ரசிகர்களுக்கு அவர் வீட்டுப் பிள்ளை மாதிரி. அவரையே விற்றுவிட்டார்களே என்று அந்த ஊர் கொதித்தது.

சரி, முடிவுக்கு வருவோம். வுல்வர்ஹாம்ப்டன் 23 புள்ளியோடு கடைசி, அவர்கள் கதை முடிந்தது. மேலே தங்க மிச்சமிருந்த ஒரு இடத்துக்கு இரண்டு பேர். மிடில்ஸ்பரோ 31 புள்ளி, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 31 புள்ளி. சமம். அப்போது கோல் வித்தியாசம் பார்க்கும் வழக்கம் கிடையாது, 'கோல் சராசரி' பார்ப்பார்கள், அதாவது போட்ட கோலை வாங்கிய கோலால் வகுக்க வேண்டும். மிடில்ஸ்பரோ போட்டது 56, வாங்கியது 71, வகுத்தால் 0.789. ஃபாரஸ்ட் போட்டது 58, வாங்கியது 79, வகுத்தால் 0.734. ஃபாரஸ்ட் கீழே போனது, மிடில்ஸ்பரோ நின்றது.

இந்தக் கணக்கை நான் காகிதத்தில் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். ஃபாரஸ்ட் மிடில்ஸ்பரோவைவிட இரண்டு கோல் அதிகம் போட்டிருக்கிறது. ஆறு கோல் குறைவாக, அதாவது 79-க்குப் பதிலாக 73 வாங்கியிருந்தால் சராசரியில் முந்தியிருக்கும். 38 ஆட்டத்தில் ஆறே ஆறு கோல்! இன்னும் மனதை அறுப்பது ஒன்று உண்டு. ஃபாரஸ்ட் ஜெயித்தது 13 ஆட்டம், மிடில்ஸ்பரோ ஜெயித்தது 10 மட்டுமே. மிடில்ஸ்பரோவைக் காப்பாற்றியது 11 டிரா. வெற்றிக்கு மூன்று புள்ளி தரும் இன்றைய முறையில் எண்ணினால் ஃபாரஸ்ட் 44, மிடில்ஸ்பரோ 41, அப்படியே தலைகீழ். தோல்வியை டிராவாக மாற்றத் தெரிந்த அணி தப்பித்தது, ஜெயிக்கத் தெரிந்த அணி இறங்கியது. நான் மிடில்ஸ்பரோ பக்கம் சாய்ந்துதான் இதை எழுதுகிறேன், ஆனாலும் ஃபாரஸ்ட் ரசிகர்களுக்காக மனம் கஷ்டப்படுகிறது.

கேள்வி: காசு கொடுத்துத் தப்பிப்பது நியாயமா? அன்றைக்கு யாரும் எதிர்க்கவில்லையா?

பலமாகவே எதிர்த்தார்கள். பந்தயக் குதிரைச் சந்தை மாதிரி மனிதர்களை விலை பேசுவதா என்று பத்திரிகைகள் எழுதின. 1908 ஜனவரியில் கால்பந்துச் சங்கம் ஒரு வீரருக்கு 350 பவுண்டுக்கு மேல் விலை கொடுக்கக் கூடாது என்று விதி போட்டது. சில மாதங்களிலேயே அதை வாபஸ் வாங்க வேண்டியதாகிவிட்டது, ஏனென்றால் கிளப்புகள் குறுக்கு வழி கண்டுபிடித்துக்கொண்டே இருந்தன.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். காமனை வாங்கியதில் மிடில்ஸ்பரோ மேல் எனக்குத் தப்பு தெரியவில்லை. விதிக்குள் நின்று, எல்லோருக்கும் தெரிய, ஒரு தொகை பேசி முடித்தார்கள். தப்பு வேறு இடத்தில் நடந்தது. 1906 ஜனவரியில் கால்பந்துச் சங்கம் அவர்கள் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தபோது, வீரர்களுக்கு விதியை மீறிப் பணம் கொடுத்தது வெளியே வந்தது. கிளப்புக்கு 250 பவுண்டு அபராதம். 12 இயக்குநர்களில் 11 பேரைத் தள்ளி வைத்தார்கள். ஒரே ஒருவர் மிச்சம்! புளூமரை வாங்கியதும் ஃபாரஸ்டோடு மல்லுக்கு நின்றதும் இதே மாதங்களில்தான். நிர்வாகமே காலியான ஒரு கிளப், களத்தில் 11 டிராவோடு பிழைத்துக்கொண்டது என்பதை நினைத்தால் அந்த ஆட்டக்காரர்கள் மேல் மரியாதை இன்னும் கூடுகிறது.

வாரம் நாலு பவுண்டு என்ற அந்த உச்சவரம்பைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நல்ல ஆட்டக்காரரை நேர்மையாகக் கூடுதல் சம்பளம் கொடுத்து இழுக்க வழியில்லாமல் செய்துவிட்டு, மேஜைக்கு அடியில் ஏன் கொடுத்தாய் என்று கேட்பது பாதி நியாயம்தான்.

கேள்வி: மிடில்ஸ்பரோ தலைவர் ஒருவர் தேர்தலுக்காக ஆட்டத்தை விலை பேசினாராமே, உண்மையா?

உண்மை. தாமஸ் கிப்சன் பூல் என்பவர் கிளப் தலைவர். 1910 டிசம்பர் பொதுத்தேர்தலில் அதே ஊரில் கன்சர்வேடிவ் வேட்பாளரும் அவரே. வாக்குப்பதிவு திங்கட்கிழமை, அதற்கு இரண்டு நாள் முன்னால் சனிக்கிழமை சண்டர்லேண்டோடு ஆட்டம். ஜெயித்தால் ஊர் குஷியில் ஓட்டுப் போடும் என்று நினைத்தார்கள். மேனேஜர் ஆண்டி வாக்கர், சண்டர்லேண்ட் கேப்டன் சார்லி தாம்சனிடம் போய், உனக்குப் பத்து பவுண்டு, மற்ற பத்து பேருக்கும் தலைக்கு இரண்டு பவுண்டு என்று பேரம் பேசினார். தாம்சன் அதைத் தன் கிளப்பில் சொல்லிவிட்டார், விஷயம் கால்பந்துச் சங்கம் வரை போனது. மிடில்ஸ்பரோ 1-0 என்று ஜெயிக்கத்தான் செய்தது. பூல் 3,000 ஓட்டுக்கும் மேல் வித்தியாசத்தில் தோற்றார். பூல், வாக்கர் இருவரையும் சங்கம் கால்பந்திலிருந்து விலக்கியது. இதில் நான் கை தட்டுவது தாம்சனுக்கு மட்டும்தான்.

கேள்வி: கடைசியில் மிடில்ஸ்பரோ இறங்கியதா, இல்லையா?

இறங்கியது, 1924-இல். 42 ஆட்டத்தில் 22 புள்ளி, 22 அணியில் கடைசி இடம். 1902-இல் ஏறியவர்கள் அதுவரை பிடியை விடாமல் தொங்கிக்கொண்டிருந்தார்கள். 1927-இல் ஜார்ஜ் கேம்சல் ஒரே சீசனில் 59 லீக் கோல் போட்டு அவர்களை மேலே தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்த வருடமே மறுபடி கீழே. அந்த 1927-28 பட்டியல் மாதிரி நெருக்கமான ஒன்றை நான் பார்த்ததில்லை: மிடில்ஸ்பரோ 37 புள்ளி எடுத்தும் கடைசி, டாட்டன்ஹாம் 38 எடுத்தும் கீழே, நாலாவது இடத்தில் நின்ற டெர்பிக்கே 44 தான். நாலாவது அணிக்கும் கடைசி அணிக்கும் நடுவே ஏழு புள்ளி.

கேள்வி: காமன் பிறகு என்ன ஆனார்?

1910 வரை மிடில்ஸ்பரோவில் ஆடினார். 168 லீக் ஆட்டம், 58 கோல். அங்கிருந்து வுல்விச் ஆர்சனல், பிறகு பிரெஸ்டன் நார்த் எண்ட். பிரெஸ்டன் 1913-இல் இரண்டாம் டிவிஷனை வென்று மேலே ஏறிய அணியில் அவரும் இருந்தார், ஒருமுறை ஏறும் பக்கத்திலும் நின்று பார்த்துவிட்டார் என்பதில் எனக்கு ஒரு திருப்தி. ஆட்டத்தை விட்ட பிறகு மிடில்ஸ்பரோவிலிருந்து தூரமில்லாத டார்லிங்டனில் ஒரு மதுக்கடை நடத்தினார். 1928-இல் ஆர்சனல், டேவிட் ஜாக் என்ற வீரருக்காகப் பத்தாயிரம் பவுண்டைத் தாண்டிக் கொடுத்தபோது காமன் உயிரோடுதான் இருந்தார். 1946-இல், 65 வயதில், டார்லிங்டனிலேயே காலமானார்.